கடல் மணல், கண்மாய் மண், கடைச் சரக்கு: செடி வளர்க்கும் மீன் தொட்டிக்குள் அடியில் எதைப் போடுவது?

கேள்வி, 3 மார்ச் 2024 (கீழக்கரையிலிருந்து)

அண்ணே, 2 அடிக்கு 1 அடி மீன் தொட்டி வாங்கியாச்சு. மீன் அப்புறம், முதலில் செடி வைக்கணும். செடிக்கு அடியில போடன்னு விக்கிற அக்வா சாயில் ஒரு பை என்ன விலைன்னு கேட்டுட்டுக் கடையை விட்டு வெளியே வந்துட்டேன். வீட்டுக்குப் பின்னாடியே கடல். மணலை ஏழெட்டுத் தடவை நல்ல தண்ணியில அலசினா உப்பு போயிடும். அதுக்கப்புறம் அதுக்கும் கடையில விக்கிற மணலுக்கும் என்ன வித்தியாசம்? மணல்னா மணல்தானே?

3 மார்ச், இரவு

உப்பு போய்விடும் தம்பி, அதில் சந்தேகமே வேண்டாம். நாலைந்து அலசலிலேயே போய்விடும். போகாதது சிப்பி.

காய்ந்த மணலைக் கொஞ்சம் உள்ளங்கையில் பரப்பி வெயிலில் பாருங்கள். கண்ணாடித் தூள்போல் மின்னுவது குவார்ட்ஸ். பால் வெள்ளையாக, மங்கலாக, ஒரு பக்கம் லேசாக வளைந்து தட்டையாகக் கிடப்பது சிப்பி, சங்கு, பவளம் இவற்றின் நொறுங்கல். நம் மன்னார் வளைகுடாப் பக்கம் இந்த இரண்டாவது சரக்குக்குப் பஞ்சமில்லை. அத்தனையும் சுண்ணாம்பு. எத்தனை தடவை அலசினாலும் சுண்ணாம்பு சுண்ணாம்புதான்.

வீட்டில் வினிகர் இருக்கும். ஒரு ஸ்பூன் மணலை டம்ளரில் போட்டு அது மூழ்க வினிகர் ஊற்றிக் காதருகே வையுங்கள். கண்ணுக்குக் குமிழி தெரிவதற்கு முன்பே காதுக்குச் சுர்ரென்று கேட்டுவிடும். கேட்டால் அந்த மணல் வேண்டாம்.

4 மார்ச்

நேற்றுச் சொல்ல விட்டது. கடற்கரை மணல் அள்ளுவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி தடை. ஒரு வாளிக்கு யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்பீர்கள், அது உங்கள் பாடு. ஆனால் அழகுக்கு வைக்கலாம் என்று பவளக்கல் எதையும் எடுத்துவந்துவிடாதீர்கள். 2001-லிருந்து பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, யானை புலியோடு சேர்ந்து. கரையில் ஒதுங்கிய செத்த பவளம்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. பழைய வீட்டுச் சுவரெல்லாம் பவளக்கல்தானே என்று யாராவது வாதம் பண்ணுவார்கள். அந்தச் சுவரைக் கட்டியபோது இந்தச் சட்டம் இல்லை.

அது கிடக்கட்டும். உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்? அதைச் சொல்லாமல் அடியில் என்ன போடுவது என்று பேசுவதில் பயனில்லை.

6 மார்ச்

போர் தண்ணீர், டி.டி.எஸ். பேனா 1900 காட்டுகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். குடிக்கக் கேன். கீழக்கரையில் இது புதுச் செய்தி இல்லை. இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம். ஆக, நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டி.டி.எஸ். பேனா தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லும். அந்த 1900-இல் எவ்வளவு சாப்பாட்டு உப்பு, எவ்வளவு சுண்ணாம்பு என்று அதற்குத் தெரியாது. செடிக்கு இரண்டும் வேறு வேறு தலைவலி. சொட்டு விட்டுப் பார்க்கும் ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை), கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 17.8 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமம். உச்சிப்புளியில் எங்கள் போரில் கே.எச். 16 வருகிறது. உங்களுக்கும் அதை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் கவனிக்க. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நுரைக்கும், அவ்வளவுதான். கே.எச். அப்படியே இருக்கும், டி.டி.எஸ். குறையாது, சோடியம் கூடிவிடும். செடிக்குப் போர் தண்ணீரைவிட அது மோசம்.

7 மார்ச்

சிப்பி மணலைப் பற்றி முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் கறாராகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைந்து நிற்கிற போர் தண்ணீரில் சிப்பி அவ்வளவாகக் கரையாது, கரைய இடமில்லை. பி.எச். (அமில, கார அளவு) 8-க்கு மேல் நிற்கிற தொட்டியில் அது சும்மா கிடக்கும். கப்பி, மாலி மீன் வளர்க்கிற ஒருவர் அதில் வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம், தொட்டியில் ஒன்றும் தப்பாகத் தெரியாது.

சிக்கல் எப்போது வரும் என்றால், செடி மேல் ஆசை வந்து ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறும்போது. அல்லது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டும்போது. மெல்லிய (சுண்ணாம்பு குறைந்த) தண்ணீர், புளித்த (அமிலம் ஏறின) தண்ணீர் இரண்டுமே சிப்பியை அரிக்கும். நீங்கள் காசு கொடுத்து இறக்கின கே.எச். அடியிலிருந்து திரும்ப ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் என் தீர்ப்பு மாறவில்லை. காரணம் மட்டும் கொஞ்சம் மாறுகிறது.

9 மார்ச்

அக்வா சாயில் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று.

அது சுட்ட மண் குருணை. தண்ணீரிலிருந்து கே.எச்.சை உறிஞ்சி பி.எச்.சை 6, 6.5 என்று இறக்கும். அம்மோனியம், பொட்டாசியம், இரும்பு எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்கும். செடிக்கு அதைவிட வசதியான படுக்கை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். 60-க்கு 30 செ.மீ. தொட்டியில் 5 செ.மீ. உயரம் போட 9 லிட்டர் பை ஒன்று சரியாக இருக்கும்.

ஆனால் அந்த உறிஞ்சும் சக்திக்கு ஓர் அளவு உண்டு. மெல்லிய தண்ணீரில் ஒன்றிரண்டு வருடம் தாங்குவது, கே.எச். 16 தண்ணீரை வாராவாரம் மாற்றினால் சீக்கிரமே தீர்ந்துபோகும். ஒவ்வொரு வாளியும் அந்தச் சக்தியைக் கரைக்கிறது. தீர்ந்த பிறகும் குருணை குப்பை இல்லை. சத்தைப் பிடித்து வைக்கும் குணம் இருக்கும், வேர் ஓட இடம் இருக்கும். ஆனால் அந்த வேலைக்கு அத்தனை பணம் தேவையில்லை.

என்னிடம் அக்வா சாயில் தொட்டி ஒன்று இருக்கிறது. இறால் வளர்ப்பதற்காக. முழுக்க ஆர்.ஓ. தண்ணீர், இறாலுக்கான உப்பைத் தனியாகக் கலந்துதான் ஊற்றுகிறேன். போர் தண்ணீர் ஒரு டம்ளர்கூட அதற்குள் போனதில்லை. போர் தண்ணீர்தான் என்று முடிவு செய்துவிட்டவர் அக்வா சாயில் வாங்க வேண்டாம். விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

10 மார்ச்

ஒருவர் கேட்கிறார்: "அப்ப ஆர்.ஓ. மெஷின் விக்கிறவர் சொல்றதைக் கேக்கலாமா?"

கேட்கலாம். அவரிடம் மணல் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நாளை எழுதுகிறேன்.

12 மார்ச்

நாளை என்றது இன்றுதான் வந்தது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் தெருவுக்கு ஓர் ஆர்.ஓ. பிளான்ட் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சவ்வுக்கு முன்னால் ஒரு மணல் வடிகட்டி, உயரமான நீலத் தொட்டியாக நிற்கும். அதற்குள் இருப்பது தரம் பிரித்த சிலிக்கா மணல். அதை அவ்வப்போது மாற்றுவார்கள். அதனால் அந்தச் சாமான் விற்கும் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். 16/30 மெஷ் என்று கேளுங்கள், 0.6 முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும். இன்னும் கொஞ்சம் பருமன் வேண்டுமென்றால் 1 முதல் 2 மி.மீ. கேட்டாலும் கொடுப்பார்கள். செடிக்கு இரண்டுமே நன்றாக இருக்கும். எனக்குப் பிடித்தது பருமனானது. மீன் கழிவு சற்று உள்ளே இறங்கும், வேருக்கும் மூச்சு முட்டாது.

மீன் கடையில் கலர் பாக்கெட்டில் இருப்பதும் பெரும்பாலும் இதே குவார்ட்ஸ்தான். சாயம் மட்டும் கூடுதல், விலையும்.

9 லிட்டர் மணல் ஏறக்குறைய 14 கிலோ வரும். ஒரு மூட்டை வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரரையும் செடி வளர்க்கச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்கினதும் வினிகர் ஊற்றிப் பாருங்கள், புது மூட்டையானாலும் பரவாயில்லை. அலசும்போது வாளியில் பாதிக்கு மேல் மணல் போடாதீர்கள். குழாயை அடிவரை விட்டுக் கையால் கிளறுங்கள். முதல் தண்ணீர் மோர் நிறத்தில் வரும். வாளி அடியில் உங்கள் விரல் தெரிகிற அளவுக்குத் தெளிந்தால் போதும், அதற்கு மேல் அலசுவது தண்ணீருக்குத் தண்டம்.

13 மார்ச்

எம் சாண்ட் போடலாமா என்று மண்டபத்து நண்பர். போடலாம். கருங்கல்லை உடைத்த தூள், சுண்ணாம்பு அநேகமாக இருக்காது. ஆனால் மாவு அதிகம், அலசி மாளாது. முனையெல்லாம் கூர். அடியில் மேய்கிற கோரி மாதிரி மீன் இருந்தால் மீசை தேய்ந்து புண்ணாகும். மேலே ஒரு விரல்கடை சிலிக்கா மணல் போட்டுக்கொண்டால் அடிக்கு ஆகும். வீடு கட்டின மிச்சம் என்றால் சிமென்ட் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

15 மார்ச்

சிலிக்கா மணலில் சத்து ஒன்றும் இல்லையே, செடி எதைத் தின்னும் என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான். மணல் செடியைப் பிடித்து நிறுத்தும், சத்து நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் எல்லாச் செடியும் வேரால் தின்பதில்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பாசி வகைகள் இவற்றுக்கு அடிமண்ணே வேண்டாம். மரத்துண்டில் கட்டிவிட்டால் போதும். அனுபியாஸின் கிழங்கை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும், புதைக்காதீர்கள். வேலம்பாசி தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். வேரை நம்பிப் பிழைப்பது அமேசான் ஸ்வார்டு, கிரிப்டோகொரைன், வாலிஸ்னேரியா, நம் ஊர்க் கண்மாய்க் கொட்டிக்கிழங்கு. இவற்றுக்கு வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரை புதைத்தால் ஆயிற்று. ஆஸ்மோகோட் (மெதுவாகக் கரையும் உரம்) உருண்டைகளைக் காலி மருந்துக் கேப்சூலில் அடைத்து இடுக்கியால் அடிவரை தள்ளுகிறேன். மேலாகப் புதைத்தால் உருண்டை வெளியே வந்து பாசி பிடிக்கும்.

டி.ஏ.பி. போடலாமா என்று கேட்கப் போகிறவருக்கு முன்கூட்டியே பதில்: வேண்டாம்.

19 மார்ச்

பரமக்குடியிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். மணலும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம், கண்மாய் வண்டலை அடியில் போட்டு மேலே மணல் மூடினால் செடி பிய்த்துக்கொண்டு வளர்கிறது, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்கிறார்.

அக்கா சொல்வது சரி, பரமக்குடிக்கு. வைகை கொண்டுவந்து போட்ட மண் அது. எனக்கும் ஒரு மண் தொட்டி உண்டு, வீட்டில் இருப்பதிலேயே கவனிப்புக் குறைவான தொட்டி அதுதான். அடியில் 2.5 செ.மீ. மண், மேலே 3 செ.மீ. மணல். கிரிப்டோகொரைன் இலை கை நீளத்துக்கு வந்திருக்கிறது.

ஆனால் கிழக்கே வர வர மண்ணை நம்ப முடியாது. கடலை ஒட்டின கண்மாய்களில் உவர் ஏறியிருக்கும். உவர் மண்ணின் சங்கடம் உப்போடு முடிவதில்லை. கடல் தண்ணீரில் சல்பேட் நிறைய உண்டு. அது மண்ணில் தங்கிவிடும். அந்த மண்ணைக் காற்றில்லாமல் தண்ணீருக்கடியில் மூடி வைத்தால், அங்கே வாழும் பாக்டீரியா சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகின முட்டை நாற்றம் அதுதான். வேர் கறுத்துவிடும். அதே முறையில் உள்ளூரில் ஒருவருக்கு அமோகமாக வளர்வதும் கடற்கரையில் ஒருவருக்கு நாறுவதும் இதனால்தான், அவரவர் கைராசியால் இல்லை.

மண்ணைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில், ஒரு பங்கு காய்ந்த மண், இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீர். நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் மூன்றில் ஒன்று தெரியும்.

மேலே தெளிந்து, பேனா வைத்தால் சில நூறுக்குள் நிற்கிறதா, நல்ல மண். சீக்கிரமே கண்ணாடிபோலத் தெளிந்துவிட்டது ஆனால் பேனா ஆயிரங்களில் ஓடுகிறதா, உவர். உப்பு மிகுந்தால் களி திரண்டு கீழே உட்கார்ந்துவிடும், அந்தத் தெளிவைக் கண்டு ஏமாற வேண்டாம். மறுநாளும் டீபோல் கலங்கலாகவே நிற்கிறதா, அது களர். சோடியம் ஏறின களி, தண்ணீரில் பிரிந்து மிதந்துகொண்டே இருக்கும். மேலே எவ்வளவு மணல் போட்டாலும், ஒரு செடியைப் பிடுங்கினால் தொட்டி முழுக்கக் கலங்கும். உவரை அலசி ஓரளவு மீட்கலாம். களரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

20 மார்ச்

அக்காவிடமிருந்து பதில்: "பாட்டிலில் போட்டுப் பார்த்தேன், தெளிந்துவிட்டது, 240. இப்ப என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது. ஒரு வாளி அனுப்புங்கள் அக்கா.

22 மார்ச்

மண் எடுக்கும் இடத்தைப் பற்றி இன்னும் இரண்டு சேதி. மிளகாய்த் தோட்டத்து மண் கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும், பார்த்தால் ஆசை வரும். எடுக்காதீர்கள். மிளகாய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிப்பது சகஜம். தாமிரம் மண்ணில் தங்கும். இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். கண்மாயிலும் ஆடு மாடு படுத்த ஓரத்தை விட்டுவிட்டு நடுப்பக்கம் எடுங்கள், மேலே நாலு விரல் தள்ளிவிட்டு. ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது நல்லது. ஒரு வாளிதான் என்றாலும் லாரிக்கு ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்துவிடுவார்கள்.

எடுத்த மண்ணை நனைத்து, காய வைத்து, மறுபடி நனைத்துக் காய வையுங்கள். உள்ளே கிடக்கும் இலை தழையெல்லாம் மக்கட்டும். வெளியூரில் இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். நம் வெயில் மொட்டைமாடியில் ஒரே நாளில் உலர்த்திவிடும், அந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

2 ஏப்ரல்

கீழக்கரைத் தம்பி அளந்துவிட்டார். கே.எச். 14. ஆர்.ஓ. தண்ணீர் கலக்கலாமா என்கிறார்.

கலக்கலாம். உங்கள் தொட்டி உயரமும் 1 அடி என்றால் 54 லிட்டர், மணல் கழித்தால் 45. வாரம் மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் 15 லிட்டர். ஒரு கேனுக்குள் அடங்கும். முழு ஆர்.ஓ. வேண்டாம், அதில் கே.எச். ஏறக்குறைய பூஜ்யம், பி.எச். நிலையில்லாமல் ஆடும். மூன்று பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு போர் என்றால் கே.எச். 3.5 வரும், டி.டி.எஸ். 500 சுமாருக்கு இறங்கும். பெரும்பாலான செடிகளுக்கு அது போதும்.

எங்கள் வீட்டில் முதல் கேனைத் தொட்டியில் ஊற்றும்போது அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "மீனுக்குக் கேன் தண்ணி, நாங்க குளிக்கிறது உப்புத் தண்ணி. சரி சரி." அன்றிலிருந்து கேன் வருவதும் தொட்டிக்குப் போவதும் அவர் தூங்கும் நேரத்தில்தான்.

குடத்துக்குக் காவல் நிற்கிற ஊரில் இது தேவையா என்று யாரும் சண்டைக்கு வரவில்லை இன்னும். வந்தால் எனக்குப் பதில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தொட்டியிலிருந்து எடுக்கிற தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுகிறேன், முருங்கை திருப்தியாக இருக்கிறது.

21 ஏப்ரல்

வெயில் ஆரம்பித்துவிட்டது. தொட்டி 32 டிகிரி.

புதிதாக மண்ணோ அக்வா சாயிலோ போட்டவர்கள் இந்த மாதம் மீன் விடாதீர்கள். இரண்டுமே முதல் சில வாரங்கள் அம்மோனியா விடும். அம்மோனியா எவ்வளவு கொல்லும் என்பது பி.எச்.சையும் வெப்பத்தையும் பொறுத்தது. 30 டிகிரியில் பி.எச். 8 என்றால் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் நச்சு வடிவத்தில் இருக்கும். அதே 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் 1 சதவீதம்கூட இல்லை. குளிர் ஊர்க்காரர்கள் மெல்லிய தண்ணீரில் செய்து பார்த்துவிட்டு ஒன்றும் ஆகாது என்பார்கள். நம் போர் தண்ணீரில் ஆகும். செடியை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருங்கள். மண்புழு உரத்தைத் தாராளமாக அடியில் கொட்டியவர்கள் இன்னும் கூடுதலாகக் காத்திருங்கள்.

11 மே

சாயல்குடிப் பக்கம் தேரி மணல் செக்கச் செவேலென்று இருக்கிறதே, இரும்புச் சத்துதானே, போடலாமா என்று ஒரு புதுக் கேள்வி.

எனக்குப் பிடித்த கேள்வி. தேரியில் இருப்பது இரும்பு ஆக்சைடு பூசின குவார்ட்ஸ், கொஞ்சம் களி. ஆக்சைடாக இருக்கும்வரை காற்றோட்டமுள்ள, பி.எச். 8 தண்ணீரில் அந்த இரும்பு செடிக்கு எட்டாது. கண்ணுக்குத் தெரியும், வாய்க்கு வராது. மணலுக்கடியில், ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் கதை வேறு. அங்கே அது கரையும் இரும்பாக மாறும். அந்தக் காலத்தில் செம்புறைக்கல் மண்ணை அடியில் போட்டுச் செடி வளர்த்ததற்குக் கணக்கு இதுதான். ஆகவே மேலே பரப்பாமல், அடியில் ஒரு மெல்லிய அடுக்காகப் போட்டு சிலிக்கா மணலால் மூடுங்கள். வினிகர் சோதனையை மறக்க வேண்டாம், கடலை ஒட்டின தேரியில் சிப்பியும் கலந்திருக்கலாம்.

மற்றபடி தழைச்சத்து, சாம்பல் சத்து எதையும் தேரியிடம் எதிர்பார்க்காதீர்கள். அங்கே பனை நிற்கிறதே என்றால், பனை எங்கேயும் நிற்கும்.

8 ஜூன்

தொண்டி நண்பர் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். அவர் ஊர் மணலில் வினிகர் ஊற்றினால் சத்தமே இல்லையாம். இருக்கலாம். பாக் விரிகுடாப் பக்கம் அலை குறைவு, சேறும் நுண்மணலும் அதிகம். கரைக்குக் கரை மணல் மாறும், ஒரே ஊரில் இரண்டு முனையில்கூட மாறும். மன்னார் வளைகுடாப் பக்கம் என்று நான் முதலிலேயே எழுதியிருக்கிறேன். ஆனாலும் தொண்டிக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அந்த நுண்மணலும் எனக்கு வேண்டாம். மாவுபோல இறுகிவிடும். 5 செ.மீ. போட்டால் அடியில் காற்றே போகாது.

9 ஜூன்

இறுகுவது பற்றி. கண்ணாடி ஓரமாக மணலுக்குள் கறுப்புத் திட்டுத் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். வேர் நிறைய ஓடுகிற தொட்டியில் வேரே ஆக்சிஜன் விடும், திட்டு தானாகச் சுருங்கும். ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். குமிழி வந்தாலும் நாற்றம் இல்லையென்றால் விட்டுவிடலாம். நாறினால் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிவிடுங்கள், தண்ணீர் மாற்றும் நாளில்.

நம் கண்மாய்களிலேயே கூம்பு மாதிரி நீளமான சின்ன நத்தை உண்டு. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து உழுதுகொண்டே இருக்கும். கடையில் மலேசியன் டிரம்பட் என்று காசுக்கு விற்பதும் அந்த இனம்தான். நான்கைந்து விட்டால் போதும், மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். கணக்கில்லாமல் பெருகினால் மீனுக்குத் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

17 ஆகஸ்ட்

கீழக்கரையில் புது இலையெல்லாம் மஞ்சளாக வருகிறதாம், நரம்பு மட்டும் பச்சை. படம் பார்த்தேன். இரும்புக் குறை, சந்தேகமில்லை. கேனை நிறுத்திவிட்டு முழுக்கப் போர் தண்ணீருக்கு மாறியிருப்பாரே என்று கேட்டேன். ஆமாம் என்கிறார். பரவாயில்லை, கேன் வாங்குவது எல்லா மாதமும் நடக்கிற காரியமில்லை.

உரக்கடையில் இரும்புச் செலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம்) கேட்டால் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. கொடுப்பார்கள். பி.எச். 6.5-ஐத் தாண்டினால் அது இரும்பைக் கைவிட ஆரம்பிக்கும். டி.டி.பி.ஏ. 7.5 வரை தாக்குப்பிடிக்கும். 8-இல் நிற்கிற தண்ணீருக்கு இ.டி.டி.ஹெச்.ஏ. தேடிப் பிடியுங்கள். தண்ணீர் லேசாகச் சிவக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. கிடைக்கவில்லை என்றால் இ.டி.டி.ஏ. தூளைக் களிமண்ணில் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி, நிழலில் காயவைத்து வேரடியில் புதையுங்கள். மணலுக்குள் பி.எச். மேலே இருப்பதைவிடக் குறைவாக இருக்கும், அங்கே அது வேலை செய்யும். பழைய இலை பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அடுத்து வரும் இலையைப் பாருங்கள்.

வாலிஸ்னேரியா மட்டும் ஜோராக இருக்கிறது, இலையில் ஏதோ வெள்ளையாகப் படிகிறது என்றும் எழுதியிருந்தார். விரலால் தேய்த்தால் நறநறவென்று உதிருமே, அதுதானே? சுண்ணாம்பு. கார்பன் டை ஆக்சைடு போதாதபோது வாலிஸ்னேரியா தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டை உடைத்து எடுத்துக்கொள்ளும். அதன் கழிவு இலை மேலேயே படிகிறது. நோய் இல்லை. போர் தண்ணீர்க்காரர்களுக்கு என்றே பிறந்த செடி அது.

3 நவம்பர்

மழை வந்துவிட்டது. மொட்டைமாடித் தண்ணீரைப் பிடிக்கிறவர்கள் முதல் மழையை விட்டுவிடுங்கள், புழுதியும் காக்கை எச்சமும் கடற்காற்றில் வந்து படிந்த உப்பும் அதில்தான் போகும். சுருக்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும்) போட்ட பழைய தளம் என்றால் இரண்டாவது மழையிலும் கே.எச். அளந்து பாருங்கள், கொஞ்சம் ஏறியிருக்கும். எங்கள் சின்டெக்ஸில் பிடித்தது பேனாவில் 40-க்குள் நின்றது. கேனுக்குப் பதில் இதுவே போதும், அம்மாவும் விழித்திருக்கலாம்.

26 ஜனவரி 2025

கீழக்கரைத் தம்பியின் வாப்பாவிடம் (அப்பாவிடம்) சிப்பி மணல் போட்ட பழைய தொட்டி ஒன்று இருக்கிறதாம், அந்த மணலையும் மாற்ற வேண்டுமாம். மீனை எடுக்காமல் முடியுமா என்கிறார்.

முடியும், ஒரே நாளில் இல்லை. பழைய மணலில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா நிறையக் குடியிருக்கிறது. மொத்தமாக அள்ளினால் அம்மோனியா ஏறும். மூன்றில் ஒரு பங்கை இந்த வாரம், பத்து நாள் இடைவெளி விட்டு அடுத்த பங்கு. அரையங்குல டியூபை வைத்துத் தண்ணீரோடு மணலையும் உறிஞ்சி வாளியில் இறக்குங்கள், கையால் அள்ளினால் கலங்கும். காலியான இடத்தில் புது மணலை, அடி வெட்டின பாட்டிலைப் புனலாகப் பிடித்துக் கீழே இறக்குங்கள். ஃபில்டரை இந்த மாதம் தொடாதீர்கள்.

வாப்பாவின் மீன் மாலி என்றால் மாற்றவே தேவையில்லை. அது என்ன மீன் என்று முதலில் சொல்லுங்கள்.